எம்.பி. சபைக்குப் போனாரா? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

டில்லியில் பதினோரு வருடம் ஒரு மக்களவை உறுப்பினரிடம் உதவியாளராக இருந்தேன். சபைக்குக் கேள்வி எழுதித் தருவது, தொகுதி மனுக்களை அமைச்சகங்களுக்கு அனுப்பிவிட்டுத் துரத்துவது, ஊரிலிருந்து வருகிறவர்களுக்குப் பார்வையாளர் மாடத்துக்கு பாஸ் வாங்கித் தருவது, இதுதான் வேலை. யாரிடம், எந்தக் கட்சி என்பதை மட்டும் சொல்ல மாட்டேன், மற்றதைக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் கேள்வியே இல்லை, வசவு. வசவுக்குள்ளும் ஒரு கேள்வி ஒளிந்திருந்தால் எடுத்துக்கொண்டேன்.

சார், நான் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் போகவில்லை என்றால் அன்றைய கூலி போச்சு. எம்.பி. சபைக்குப் போகாவிட்டாலும் முழுச் சம்பளமா? (திருப்பூர்)

முழுச் சம்பளம்தான் தம்பி. மாதம் 1,24,000 ரூபாய். 2025 மார்ச்சில் அறிவித்து, 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டுக் கொடுத்தார்கள். உங்கள் கம்பெனியில் அரியர்ஸ் இப்படி வருமா என்று கேட்காதீர்கள்.

வருகையோடு கட்டிப்போட்டிருப்பது தினப்படியை மட்டும்தான். சபை நடக்கும் நாளில் வருகை பதிவாகியிருந்தால் 2,500 ரூபாய், இல்லாவிட்டால் இல்லை. ஆனால் 2024 தேர்தலில் ஜெயித்த 543 பேரில் 504 பேர் கோடீஸ்வரர்கள். இது அவர்களே வேட்புமனுவோடு கொடுத்த சொத்துக் கணக்கை வைத்து, வேட்பாளர்களின் விவரங்களை அலசும் ஏ.டி.ஆர். என்ற தன்னார்வ அமைப்பு எண்ணிச் சொன்னது. 2,500 ரூபாய் போய்விடுமே என்று இவர்களில் யார் டில்லிக்கு ஓடி வரப்போகிறார்கள்?

60 நாள் வராவிட்டால் பதவி போய்விடும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். "அப்ப சச்சின் எப்படி மிஸ் தப்பிச்சார்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். என்ன சொல்வது? (கோவில்பட்டி, ஆசிரியை)

பையனுக்கு முழு மார்க் கொடுங்கள் அம்மா. பாடத்தில் இருப்பதும் சரிதான். அரசியலமைப்பின் 101(4) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதற்குள் மூன்று சந்து இருக்கிறது.

முதலாவது, அனுமதி இல்லாமல் வராதிருந்தால்தான் குற்றம். உடம்பு சரியில்லை, குடும்பத்தில் பிரச்சினை என்று கடிதம் கொடுத்தால் விடுப்பு கிடைத்துவிடும். இரண்டாவது, கூட்டத்தொடர்களுக்கு இடைப்பட்ட மாதங்களும், தொடர்ந்து நாலு நாளுக்கு மேல் சபை ஒத்திவைக்கப்பட்ட காலமும் கணக்கில் வராது. மழைக்காலத் தொடர், குளிர்காலத் தொடர் இரண்டுக்குமே டிமிக்கி கொடுத்தாலும் பெரும்பாலும் 60 எட்டாது. நடுவில் ஒரு நாள் வந்து தலையைக் காட்டினால் கணக்கு மறுபடி பூஜ்யம். மூன்றாவது, 60 தாண்டினாலும் பதவி தானாகப் போகாது. சபை விரும்பினால் காலி என்று அறிவிக்கலாம், அவ்வளவுதான்.

சச்சினும் நடிகை ரேகாவும் 2012இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார்கள். ஆறு ஆண்டுகளில் இருவரின் வருகையும் பத்து சதவீதத்தைத் தொடவில்லை. 2014 ஆகஸ்டில் சபையிலேயே இது பேச்சானபோது, துணைத் தலைவர் பி.ஜே. குரியன் கணக்குப் பார்த்து, இருவரும் 60 நாளைத் தாண்டவில்லை, விதிமீறல் இல்லை என்றார். சச்சின் கடைசியில் தன் சம்பளத்தைப் பிரதமர் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். நல்ல காரியம்தான், ஆனால் கேட்டது காசையா, ஆளையா?

இந்தப் பிரிவு யாரையும் கடித்ததே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2000 டிசம்பரில் பஞ்சாபைச் சேர்ந்த மாநிலங்களவை உறுப்பினர் பர்ஜிந்தர் சிங் ஹம்தர்த் இதில்தான் இடத்தை இழந்தார்.

டிவியில் பார்த்தால் எப்போதும் நாற்காலிகள் காலி. 543 பேரும் எங்கே போகிறார்கள்? (வேலூர்)

சபை நடக்க மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். மக்களவைக்கு 55 பேர், இதைத்தான் கோரம் என்பார்கள். அதற்கும் குறைந்தால் மணி அடிப்பார்கள், லாபியிலும் நூலகத்திலும் இருக்கிறவர்கள் ஓடி வருவார்கள். அதுவும் யாராவது எழுந்து "கோரம் இல்லை" என்று சொன்னால்தான். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சொன்னால் தன் கட்சிக்காரரின் பேச்சும் அல்லவா நின்றுபோகும்!

காலி நாற்காலி எல்லாமே ஊர் சுற்றல் என்று நினைத்துவிடாதீர்கள். துறைவாரி நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 31 பேர். கேமரா இல்லாத அறையில் அதிகாரிகளை எதிரே உட்கார வைத்து மணிக்கணக்கில் குடைவார்கள். நான் பார்த்த உருப்படியான வேலையில் பெரும்பகுதி அங்கேதான் நடந்தது. வருத்தம் என்னவென்றால், 2019 முதல் 2024 வரை இருந்த 17ஆவது மக்களவையில் குழுக்களுக்கு அனுப்பப்பட்ட மசோதாக்கள் 16 சதவீதம்தான். அதற்குப் பத்து வருடம் முன்பு அமைந்த சபையில் இது 71 சதவீதம்.

எங்கள் எம்.பி. 90 சதவீதம் வருகை என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். நம்பலாமா அண்ணே? (விழுப்புரம்)

எண்ணை நம்பலாம். எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் சிக்கல்.

பல காலமாக நடைமுறை என்னவென்றால், லாபியில் இருக்கும் பதிவேட்டில் ஒரு கையெழுத்து. அப்புறம் டேப்லெட் வந்தது, காகிதம் போய் டிஜிட்டல் பேனா வந்தது, அதுவும் லாபியில்தான். பதினோரு மணிக்கு வந்து போட்டுவிட்டு, பதினொன்று ஐந்துக்குக் கிளம்பினாலும் அன்றைக்கு நீங்கள் வருகை தந்தவர். 2025 மழைக்காலத் தொடரில்தான் மக்களவையில் அவரவர் இருக்கையில் உட்கார்ந்து பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். சபை ஆரம்பித்து எழுபது வருடத்துக்கு மேல் ஆனது இதற்கு.

இன்னொன்று, அமைச்சர்கள் அந்தப் பதிவேட்டில் கையெழுத்தே போட வேண்டியதில்லை. ஆகவே பட்டியலில் அமைச்சர் பெயருக்கு எதிரே எண் இல்லை என்றால் அவர் வரவில்லை என்று அர்த்தமில்லை.

17ஆவது மக்களவையில் சராசரி வருகை 79 சதவீதம். கான்கேரின் மோகன் மண்டாவி, அஜ்மீரின் பகீரத் சௌத்ரி இருவரும் நூற்றுக்கு நூறு. மறுகோடியில் குர்தாஸ்பூரின் நடிகர் சன்னி தியோல், இருபதைக்கூடத் தொடவில்லை, விவாதம் ஒன்றில்கூடப் பேசவில்லை. அவரைக் "காணவில்லை" என்று தொகுதியிலேயே போஸ்டர் ஒட்டினார்கள். இந்த இரண்டு கோடிகளைப் பற்றி யாருக்கும் குழப்பம் இல்லை. நடுவில் இருக்கும் ஐந்நூறு பேரைத்தான் சதவீதத்தை வைத்து எடைபோட முடியாது.

காவிரிக்காக நம் எம்.பி.க்கள் தினமும் சபையில் கோஷம் போட்டார்களே, அது வருகையா, வெட்டி வேலையா? (தஞ்சாவூர், விவசாயி)

ஐயா, இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆறு வாரத்துக்குள் மத்திய அரசு செயல்திட்டம் வகுக்க வேண்டும். மார்ச் 5 அன்று பட்ஜெட் தொடரின் இரண்டாம் பகுதி ஆரம்பம். அ.தி.மு.க.வுக்கு அப்போது மக்களவையில் 37 பேர், தினமும் பதாகையோடு சபையின் நடுவில் இறங்கினார்கள். ஆந்திரக் கட்சிகள் சிறப்பு அந்தஸ்து கேட்டு இன்னொரு பக்கம். சபை தினமும் ஒத்திவைப்பு. வருகைக் கணக்குப்படி பார்த்தால் அத்தனை பேரும் வந்திருந்தார்கள்!

அந்த அமளியில் என்ன நடந்தது என்று பாருங்கள். நிதி மசோதா மார்ச் 14 அன்று விவாதமே இல்லாமல் நிறைவேறியது. தெலுங்கு தேசமும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள 50 பேர் எழுந்து நிற்க வேண்டும். சபை ஒழுங்காக இல்லை, தலைகளை எண்ண முடியவில்லை என்று சபாநாயகர் சுமித்ரா மகாஜன் தினமும் தள்ளிவைத்தார். அதாவது, மத்திய அரசை எதிர்த்துப் போட்ட கோஷம், அதே அரசு பதில் சொல்ல வேண்டிய வேலையை மிச்சப்படுத்திக் கொடுத்தது. தெரிந்து செய்தார்களா, தெரியாமலா என்பதை உங்கள் யூகத்துக்கே விடுகிறேன். ஆறு வாரக் கெடு தாண்டியது, காவிரி மேலாண்மை ஆணையம் அரசிதழில் வந்தது ஜூன் 1.

கோஷம் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேச இடம் கொடுக்காத சபையில் சத்தம்தான் மிச்சம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் வாரக்கணக்கில் கத்தியவர்களிடம், அந்த வாரங்களில் நீர்வள அமைச்சகத்திடம் எழுத்துமூலம் எத்தனை கேள்வி கேட்டீர்கள் என்று தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கலாம்.

அந்தத் தொடரில் இன்னொரு கூத்து. வேலை நடக்காத 23 நாளுக்குச் சம்பளமும் படியும் வேண்டாம் என்று தேசிய ஜனநாயகக் கூட்டணி அறிவித்தது. திருப்பூர்த் தம்பி இதைக் குறித்துக்கொள்ளவும்.

பொய் சொல்கிற அரசியல்வாதிக்குத் தண்டனையே கிடையாதா? (மதுரை)

எங்கே சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. மேடையில் சொன்னால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. வேட்புமனுப் பிரமாணப் பத்திரத்தில் சொன்னால் ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. சபைக்குள் பேசியதற்கு நீதிமன்றம் போக முடியாது, 105ஆவது பிரிவு காப்பாற்றும். சபைதான் உரிமைமீறல் என்று நடவடிக்கை எடுக்க வேண்டும்.

காசு வாங்கினால் கதை வேறு. 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியது ரகசிய கேமராவில் சிக்கி, இரு சபைகளிலுமாக 11 பேர் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டார்கள். அந்தச் சமயத்தில் பல எம்.பி. வீடுகளில் புது ஆள் யார் வந்தாலும் சட்டைப் பொத்தானை உற்றுப் பார்ப்பார்களாம். லஞ்சம் வாங்கிக்கொண்டு சபையில் ஓட்டுப் போட்டால் வழக்கு போட முடியாது என்ற 1998 தீர்ப்பையும் 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு, சீதா சோரன் வழக்கில் தூக்கி எறிந்துவிட்டது.

ஆனால் நம் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. தன் மேல் கிரிமினல் வழக்கு இருப்பதாகத் தாங்களே எழுதிக்கொடுத்து ஜெயித்தவர்கள் 2009இல் 162 பேர், 2024இல் 251 பேர். மறைக்கவில்லை, பொய் சொல்லவில்லை. நாம் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டும் போட்டோம்.

நோட்டாவுக்குப் போட்டால்? (சென்னை)

எண்ணுவார்கள். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. நோட்டா முதலில் வந்தாலும் அடுத்து இருக்கிற வேட்பாளர் ஜெயித்தவர்தான்.

வேலை செய்யாத எம்.பி.யைத் திரும்ப அழைக்க வழி உண்டா? (ஈரோடு)

இங்கே இல்லை. பிரிட்டனில் 2015 முதல் உண்டு. அங்கேகூட வருகை குறைவு என்பதற்காக அழைக்க முடியாது. சிறைத் தண்டனை, சபையிலிருந்து இடைநீக்கம் போன்ற காரணம் வேண்டும், தொகுதியில் பத்து சதவீதம் பேர் கையெழுத்திட வேண்டும்.

எங்கள் தெருவில் சாக்கடை ரெண்டு வருஷமாக அடைத்திருக்கிறது. எம்.பி.க்கு வருஷம் 5 கோடி வருகிறதாமே, எங்கே போகிறது? (ஆம்பூர்)

அந்தப் பணம் அவர் கைக்கு வராது. எந்த வேலை என்று அவர் பரிந்துரைப்பார், செய்வது மாவட்ட நிர்வாகம். 2024 தேர்தலில் தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரியாக 16 லட்சம் வாக்காளர்கள். 5 கோடியைப் பிரித்தால் தலைக்கு 31 ரூபாய், ஒரு டீயும் வடையும். சாக்கடைக்கு உங்கள் நகராட்சி கவுன்சிலரைப் பிடியுங்கள். எம்.பி.யைச் சாக்கடைக்குத் துரத்துவதால்தான், அவரும் சபைக்குப் போகாததற்குத் தொகுதி வேலையைக் காரணம் காட்டுகிறார்.

திட்டுவதைத் தவிர என்னைப் போன்றவர்கள் என்னதான் செய்வது? (இராமநாதபுரம்)

அவருடைய வேலையை நீங்கள் கொஞ்சம் செய்து கொடுங்கள். கிண்டல் இல்லை.

முதலில் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்திலோ, எம்.பி.க்களின் சபைக் கணக்கைத் தொகுக்கும் பி.ஆர்.எஸ். அமைப்பின் தளத்திலோ அவர் பெயரைப் போட்டு, வருகையைத் தாண்டிக் கேள்விகளைப் படியுங்கள். எண்ணிக்கையில் மயங்காதீர்கள், ஒரே கேள்வியை நாலு எம்.பி.க்கள் சேர்ந்து போடுவது சகஜம். உங்கள் தொகுதிப் பிரச்சினை அதில் இல்லையென்றால், நீங்களே எழுதி அனுப்புங்கள். "ஏன் ரயில் நிற்பதில்லை?" என்று எழுதினால் எங்களைப் போன்றவர்கள் ஓரமாக வைத்துவிடுவோம். இந்த ஸ்டேஷனில் கடந்த மூன்று வருடத்தில் எத்தனை டிக்கெட் விற்றது, நிறுத்தம் கேட்டு எத்தனை மனு வந்தது, அதன் மேல் என்ன நடவடிக்கை என்று உடைத்து எழுதினால், அப்படியே தட்டச்சு செய்து அனுப்பத் தோன்றும். மக்களவையில் ஒரு நாளைக்கு எழுத்துமூலம் பதில் தரும் கேள்விகளே 230.

எனக்கு இப்படி ஒரு தபால் கார்டு வந்தது. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், ரயில் நிறுத்தம் பற்றித்தான். கேள்வி போனது, பதில் வந்தது: "பரிசீலனையில் உள்ளது." அவர் சலித்துக்கொண்டு எழுதினார். நான் போன் செய்து சொன்னேன்: அந்த வார்த்தைதான் ஐயா நமக்கு வேண்டியது. பரிசீலிக்கிறோம் என்று அமைச்சர் சபையில் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் ஏறிவிடும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அரசு உறுதிமொழிக் குழு கேட்கும். குழு கேட்டது. நிறுத்தம் வர மேலும் ஒன்றரை வருடம் ஆனது, அதுவும் ஒரு திசையில் மட்டும்.

உங்கள் எம்.பி.யின் வருகை எவ்வளவு சார்? அதைச் சொல்லவே இல்லையே! (பெயர் வேண்டாம்)

84 சதவீதம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, இன்றைக்கு சபையில் என்னப்பா நடந்தது என்று என்னைத்தான் கேட்பார்.