பிப் ‘இருக்கிறது’ என்கிறது, பைத்தான் ‘இல்லை’ என்கிறது!

கேள்வி: என் கணினியில் பைத்தான் நிரல்மொழியின் 3.9 பதிப்பு இருந்தது. அண்மையில் 3.12 பதிப்பையும் நிறுவினேன். இப்போது நிரலை ஓட்டினால் ‘நம்பை என்ற மாட்யூல் இல்லை’ என்று பிழை வருகிறது (நம்பை என்பது எண் கணக்கீட்டுக்கான தொகுப்பு). தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் மூலம் அதை நிறுவப் போனால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று பதில் வருகிறது. மூன்று முறை அழித்து நிறுவியும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: நான்காம் முறை அழிக்காதீர்கள். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். பிப் பேசுவது 3.9-ஐப் பற்றி, பைத்தான் பேசுவது 3.12-ஐப் பற்றி. ஒவ்வொரு பதிப்புக்கும் ‘சைட்-பேக்கேஜஸ்’ என்ற தனிக் கோப்புறை உண்டு. ஒன்றில் வைத்தது மற்றொன்றின் கண்ணில் படாது. வெறுமனே ‘பிப்’ என்று தட்டினால், கட்டளைகளைக் கணினி தேடும் கோப்புறைகளின் பட்டியலான ‘பாத்’தில் எந்தப் பதிப்பின் பிப் முந்தி நிற்கிறதோ அதுவே ஓடும்.

இதை ஊகிக்க வேண்டாம், கேட்டே தெரிந்துகொள்ளலாம். ‘பிப் --வெர்ஷன்’ என்று கொடுத்தால் அது எந்தப் பைத்தானுக்கு உரியது என்பது வரியின் கடைசியில் தெரியும். அடுத்து, பிழை தரும் அதே நிரலின் தொடக்கத்தில் ‘சிஸ்’ மாட்யூலை இறக்குமதி செய்து, ‘சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்’ மதிப்பை அச்சிடுங்கள்; நிரலை ஓட்டுவது எந்தப் பைத்தான் என்று அது காட்டும். தனியே டெர்மினலைத் திறந்து சோதிப்பது போதாது. உங்கள் எடிட்டர் வேறொரு பைத்தானைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான். உங்கள் எடிட்டர் விஎஸ் கோடு என்றால் ‘செலெக்ட் இன்டர்ப்ரெட்டர்’ கட்டளையில் சரியானதைத் தேர்ந்தெடுங்கள்.

இனி பிப்பைத் தனியாக அழைக்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். லினக்ஸில் ‘பைத்தான்3.12 -எம் பிப் இன்ஸ்டால் நம்பை’, விண்டோஸில் ‘பிஒய் -3.12 -எம் பிப் இன்ஸ்டால் நம்பை’. எந்தப் பைத்தானை அழைக்கிறீர்களோ அதன் கோப்புறைக்குத்தான் தொகுப்பு போகும்.

பழைய கோப்புறையிலிருந்து நம்பையை அப்படியே நகலெடுத்து ஒட்டலாமே என்று தோன்றும். நானும் ஒரு காலத்தில் செய்து பார்த்தவன்தான். 3.9-க்காகத் தொகுக்கப்பட்ட சி மொழிப் பகுதிகள் அதற்குள் இருப்பதால் 3.12-இல் இன்னும் விசித்திரமான பிழைதான் கிடைத்தது.

உபுண்டு, டெபியன் ஆகியவற்றின் புதிய வெளியீடுகளில், அமைப்போடு வந்த பைத்தானில் பிப் நிறுவ மறுக்கும். அதை வற்புறுத்தி மீறாதீர்கள். இயங்குதளத்தின் கருவிகளே அந்தப் பைத்தானை நம்பி ஓடுகின்றன. ஒவ்வொரு வேலைக்கும் ‘வென்வ்’ என்ற கருவி கொண்டு, தொகுப்புகள் ஒன்றோடொன்று கலக்காத தனிச் சூழல் அமையுங்கள். பைத்தான் 3.3 முதலே அது உடன் வருகிறது. ஆனால் 3.9-இல் உருவாக்கிய சூழல் 3.9-ஐயே பிடித்திருக்கும், 3.12-க்குப் புதிதாக உருவாக்குங்கள்.

பிழையில் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற பெயர் வந்தால் மட்டும் கதை வேறு. தொகுப்புகளை உருவாக்கி நிறுவ உதவிய பழைய மாட்யூல் அது; 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதே வேலையைச் செய்யும் ‘செட்டப்டூல்ஸ்’ தொகுப்பை நிறுவினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.