ராக்கெட்டும் கச்சான் காற்றும்

அன்புள்ள அண்ணன்,

குளச்சல் பக்கம் கடற்கரை ஊர் எங்களுடையது. நான் பெங்களூரில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். அப்பாவுக்கு எழுபது வயது, வாழ்நாள் முழுக்கக் கடல்தொழில். முட்டுவலி வந்தபிறகு கரையோடு சரி. எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது, ஆனால் பேச்சும் கிடையாது. போன் பண்ணினால் மாத்திரை வாங்கியாச்சா, கரண்டு பில் கட்டியாச்சா என்று கேட்பேன், ஆச்சு என்பார், உடனே போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

ஈஸ்டர் லீவில் அக்கா மகளுக்காக சோடா பாட்டிலில் ஒரு தண்ணீர் ராக்கெட் செய்தேன், கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பம்பால் காற்றை ஏற்றிவிட்டால் மேலே பாயும். சாயங்காலம் கடல்காற்று நன்றாக அடிக்கிறது, அது ராக்கெட்டைக் கரைப்பக்கம் தள்ளும் என்று நினைத்தேன். ஆனால் மேலே ஏறும்போதே அது கடலைப் பார்த்துத் திரும்பியது. நான் குழம்பி நிற்கும்போது திண்ணையில் இருந்த அப்பா, "நங்கூரம் போட்ட வள்ளம் காத்துக்கு நேரே மூக்கைத் திருப்பாதா மக்கா, அது போலத்தான்" என்றார். மறுநாளிலிருந்து தினமும் வந்து நின்றார். ஒருநாள் நான் குளிக்கப் போன நேரத்தில் என் இறக்கைகளைப் பிய்த்துவிட்டுப் பெரிதாக வேறு வெட்டி ஒட்டிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, சொல்லவில்லை.

இப்போது லீவு முடிந்துவிட்டது. இதை இப்படியே விட்டுவிட மனம் இல்லை. வெளிநாட்டிலிருந்து நிஜ மோட்டாரோடு ஒரு கிட் வரவழைத்து அவருக்குக் காட்டலாமா? திருவிழாவுக்கு வெடிக்கெட்டு நடத்தும் தெரிந்தவர் ஒருவர் ராக்கெட்டுக்கு வெடிமருந்து தருகிறேன் என்றும் சொல்கிறார். ஊரில் எல்லோரும் அக்கா மகளை இஸ்ரோவில் சேர்க்கப் போகிறாயா என்று கேட்கிறார்கள். அது இல்லை. எனக்கு அப்பாவோடு இதைச் செய்யவேண்டும், அவ்வளவுதான். எப்படி என்று சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

மருந்து விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டவே வேண்டாம். வெடிக்கெட்டுக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் சரி, அவரிடம் மருந்து வாங்கி வீட்டில் வைத்துக் குழாயில் திணிப்பது 1884ஆம் வருடத்து வெடிபொருள் சட்டப்படியும் 2008ஆம் வருடத்து விதிகளின்படியும் லைசென்ஸ் இல்லாமல் செய்யக்கூடாத காரியம். அதற்கு முன்னால், கை போகும், கண் போகும், வீட்டில் குழந்தை வேறு இருக்கிறது. அவரிடம் இன்றைக்கே போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாதிரி ராக்கெட் என்ற பொழுதுபோக்கு பிறந்ததே இந்த ஆபத்திலிருந்துதான். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பையன்கள் இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து விட்டு விரலை இழந்துகொண்டிருந்தார்கள். ஒயிட் சாண்ட்ஸ் ராக்கெட் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் இதைப்பற்றி 1957இல் ஒரு பத்திரிகையில் எழுத, நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் அதைப் படித்துவிட்டுத் தானும் தன் சகோதரரும் செய்து வைத்திருந்த காகித ராக்கெட்டை அவருக்கு அனுப்பினார். உடல் அட்டையும் பால்சா மரமும், மோட்டாரை மட்டும் தொழில்முறையில் செய்தவர்களிடம் வாங்கிப் போடவேண்டும், ஒருதடவை எரிந்ததும் தூக்கிப் போட்டுவிடவேண்டும். மோட்டாரை நீயே செய்யாதே என்பதுதான் இன்றுவரை அந்தக் கூட்டத்தின் முதல் விதி.

அந்த மோட்டார் நம் கைவிரல் அளவுதான் இருக்கும். பரவலாகப் புழங்குவது 18 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம், அடியில் நெருப்பும் புகையும் பாய்ந்து வெளியேறக் களிமண்ணில் ஒரு துளை, நாசில் என்பார்கள். மருந்து எரிந்து தீர்ந்ததும் உள்ளே ஒரு அடுக்கு மெதுவாகப் புகைந்து நேரம் கடத்தும், அதற்குள் ராக்கெட் உச்சிக்குப் போயிருக்கும், அப்புறம் மேலே இருக்கிற துளி மருந்து வெடித்து பாராசூட்டை வெளியே தள்ளும். மேலே ஏ8-3 என்று அச்சடித்திருந்தால் ஏ என்பது மொத்த உந்தத்தின் வகை, பி அதன் இரட்டிப்பு, சி அதற்கும் இரட்டிப்பு. 8 என்பது சராசரி உந்துவிசை நியூட்டனில். 3 என்பது பாராசூட்டுக்கு முன்னால் கடக்கும் விநாடிகள். அழகான பொருள்தான். ஆனால் அது வெடிபொருள் வகையில் வருகிறது, விமானத்தில் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரக் கூடாது, சாதாரண கூரியரிலும் வராது. சிரமப்பட்டு வாங்கினாலும் உங்கள் அப்பாவுக்கு அதில் என்ன வேலை? பொத்தானை அழுத்தலாம், கைதட்டலாம். அவர் திண்ணையில் இருந்து எழுந்து வந்தது அதற்காக இல்லை.

அமெரிக்காவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தபோது சனிக்கிழமைகளில் ஒரு ராக்கெட் குழுவோடு மைதானத்துக்குப் போவேன். வயதான அப்பாக்களை மகன்கள் கூட்டிக்கொண்டு வருவார்கள், நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள், காபி கொடுப்பார்கள். ரெண்டு மூன்று வாரத்தில் அப்பா வருவது நின்றுவிடும். வாராவாரம் தவறாமல் வந்த ஒரு முதியவர் நினைவில் இருக்கிறார். மகனுடைய ராக்கெட் ஒவ்வொன்றுக்கும் பாராசூட்டை மடித்து வைப்பது அவர் பொறுப்பு, அதைத் தாண்டி எதையும் தொடமாட்டார். மடித்து, சுருட்டி, முகப்பவுடரைக் கொஞ்சம் தூவி ஒட்டாமல் பார்த்து, குழாய்க்குள் விட்டுத் தலைகீழாகக் கவிழ்த்துத் தானாக விழுகிறதா என்று சோதித்துவிட்டுத்தான் மகன் கையில் கொடுப்பார். அவர் கொடுக்கும்வரை மகன் காத்து நிற்பான்.

உங்கள் அப்பாவுக்குக் கொடுக்கவேண்டியது அதைவிடப் பெரிய பொறுப்பு. இன்றைக்கு விடலாமா வேண்டாமா என்று சொல்லும் அதிகாரத்தை அவரிடம் கொடுத்துவிடுங்கள். ராக்கெட் குழுக்களில் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு அதிகாரி உண்டு, அவர் சரி சொல்லாமல் ஒரு ராக்கெட்டும் கிளம்பாது. உங்கள் ஊரில் அந்த இடத்துக்கு அவரைவிடத் தகுதியான ஆள் யார்? கடலில் வள்ளம் இறக்கலாமா என்று விடியும் முன்னே காற்றைப் பார்த்து முடிவெடுத்தவர் அவர். அந்த முடிவைத் தப்பாக எடுத்திருந்தால் இன்று நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். அவர் இன்று வேண்டாம் என்றால் வேண்டாம், பம்பைக் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும், வாதாடக்கூடாது. உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கும். இருந்தாலும் செய்யுங்கள்.

அவர் சொன்ன வள்ளத்து உதாரணம் எவ்வளவு சரி என்று யோசித்தீர்களா? ராக்கெட் தன் எடை சமநிலைப்படும் புள்ளியைச் சுற்றித் திரும்பும். இறக்கைகள் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதால் பக்கக்காற்று வாலைத் தள்ளுகிறது, மூக்கு காற்று வரும் திசைக்குப் போகிறது. இறக்கை பெரிதானால் ராக்கெட் தடுமாறாமல் போகும், ஆனால் காற்றுக்கு இன்னும் அதிகமாகத் திரும்பும். ஆகவே அவர் வெட்டிய இறக்கையைப் பிய்க்காதீர்கள். அதே அளவு பாட்டில் இன்னொன்றில் உங்கள் சின்ன இறக்கையை ஒட்டி, காற்று இல்லாத ஒரு விடியற்காலையிலும் காற்று ஏறிய பிறகும் ரெண்டையும் விட்டுப்பாருங்கள். யார் சொன்னது சரி என்று பேச ஆரம்பித்தால் அது மாத்திரை, கரண்டு பில்லோடு நிற்காது.

விடியற்காலை என்று சொன்னது சும்மா இல்லை. ராத்திரி முழுக்கக் கரைக்காற்று கடலைப் பார்த்து அடிக்கும், வெயில் ஏறினால் கடல்காற்று தொடங்கும், ரெண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் காற்று ஓய்ந்து நிற்கும். எத்தனை மணிக்கு என்று அவரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். ஆனி ஆடியில் கச்சான், அதாவது மேல்காற்று, பிடித்துவிட்டால் ராக்கெட்டைக் கட்டிவைத்துவிட வேண்டியதுதான் என்று நினைக்கிறேன், அதையும் அவரே சொல்லட்டும்.

அடுத்தது உயரம். இது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். பாகைமானியின் நேர்விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, நடுப்புள்ளியில் நூல் கட்டி நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். ஸ்ட்ரா வழியாக ராக்கெட்டின் உச்சியைப் பார்த்துவிட்டு நூலை விரலால் அழுத்திப் பிடித்து, அது காட்டும் எண்ணுக்கும் 90க்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தால் கோணம் கிடைக்கும். ராக்கெட் விடும் இடத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி நின்று 45 டிகிரி வந்தால் உயரம் 50 மீட்டர், 30 டிகிரி வந்தால் 29 மீட்டர், அதோடு கண் உயரத்தைக் கூட்டிக்கொள்ளவேண்டும். காற்று ராக்கெட்டைச் சாய்த்துவிட்டால் ஒருவர் பார்த்த கணக்கு தப்பாகும், அதனால் ரெண்டு பக்கத்திலும் ஆள் வேண்டும், ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் அக்கா மகள். கரையில் தெரிகிற கோயில் கோபுரத்தை மலைக்கு நேராகப் பிடித்து, இன்னொரு பக்கத்துக் குறியையும் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத கடலடிப் பாறையைக் கடலுக்கு நடுவே கண்டுபிடிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. டேன்ஜென்ட் கணக்கை நீங்கள் போடுங்கள்.

திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ராக்கெட் தளம், தும்பாவை அவருக்கு நினைவூட்டுங்கள். 1963 நவம்பர் 21ஆம் தேதி அங்கிருந்து போன முதல் ராக்கெட், நைக் அப்பாச்சி, எதற்காகப் போனது தெரியுமா? மேல்வானத்துக் காற்றைப் பார்க்க. சாயங்கால வேளையில் சோடியம் ஆவியை வானத்தில் விட்டார்கள், அது ஆரஞ்சு நிறத்தில் மேகமாகப் பரவியது, வெவ்வேறு இடங்களில் கேமரா வைத்துப் படம் எடுத்து அந்த மேகம் நகர்வதிலிருந்து காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிடுவதுதான் திட்டம். மீனவர்கள் வாழ்ந்த கரை, மகதலேனா மரியாள் கோயில்தான் ஆபீஸ். உங்கள் கரையிலேயே வடக்கே போனால் வருகிற ஊர். உங்கள் அப்பா அப்போது சிறுபையன். அந்த மேகத்தைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள், பார்க்காவிட்டாலும் பெரியவர்கள் பேசியது காதில் விழுந்திருக்கலாம்.

இஸ்ரோவில் சேர்க்கப் போகிறாயா என்று ஊர் கேட்பதில் தப்பில்லை. சரக்கல்விளையிலிருந்து சிவனும் மேலகாட்டுவிளையிலிருந்து நாராயணனும் இஸ்ரோ தலைவர்களாக ஆன மாவட்டம் இது. அதில் எனக்கும் பெருமைதான். ஆனாலும் அந்தப் பேச்சை மைதானத்துக்குள் விடாதீர்கள். பரீட்சை உள்ளே வந்தால் நீங்கள் வாத்தியார் ஆகிவிடுவீர்கள், குழந்தை மாணவி ஆகிவிடும், தாத்தா மறுபடி திண்ணைக்குப் போய்விடுவார்.

நீங்கள் ஊரில் இல்லாத நாட்களுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, காற்று, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அழுத்தம், ரெண்டு கோணம். காற்று என்ற இடத்தில் அவர் வாயில் வருவதை அப்படியே குழந்தை எழுதட்டும், வாடை, கொண்டல், கச்சான், எதுவானாலும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போன் பண்ணும்போது அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். போன் அம்மாவிடம் போகக் கொஞ்ச நேரம் ஆகும்.

அப்புறம், நீங்கள் இல்லாதபோது அவர்கள் விடுவதானால் அக்காவோ அத்தானோ கட்டாயம் கூட இருக்கவேண்டும், சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கேஸ் அடைத்த சோடா பாட்டில் மட்டும்தான், தண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீட்டர் வைத்த சைக்கிள் பம்பில் 60 பிஎஸ்ஐக்கு மேல் போகவேண்டாம். அந்த அழுத்தத்திலேயே தண்ணீர் ஏறக்குறைய மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாயும். புதிய பாட்டிலை முதலில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதியுங்கள், அப்படி உடைந்தால் சிதறாது. கீறல் விழுந்ததையும் மடிப்பில் வெளுத்ததையும் தூக்கிப் போடுங்கள். மூக்கில் இரும்பு, ஆணி எதுவும் கூடாது. காற்று ஏற்றிய பிறகு யாரும் அதன் மேலே குனியக்கூடாது, நீளமான கயிற்றை இழுத்துத்தான் விடவேண்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளவேண்டும். கரண்டு கம்பி இல்லாத, மீன் காயப்போடாத, வலை விரிக்காத இடமாகப் பாருங்கள். மணல் வாஷரில் ஏறினால் காற்று கசியும், ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்புத் தண்ணீரில் இல்லை.

பாராசூட் கட்டும் கட்டம் வந்தால் கயிறுகளை அவர்தான் கட்டவேண்டும். வலை பொத்திய கை, முடிச்சு உருவாது, நீளம் ஒன்றுபோல இருக்கும். நடுவில் ஒரு ஓட்டை போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஊஞ்சல் ஆடிக்கொண்டே இறங்கும்.

முதலில் பெரிய இறக்கை, சின்ன இறக்கை ரெண்டையும் விட்டுப் பார்த்துவிட்டு உயரங்களை எனக்கு எழுதுங்கள். காற்று என்னவென்று அப்பா சொன்னதையும் சேர்த்து.

அன்புடன்.