மகளிடம் தமிழில் பேசுவதை நிறுத்த வேண்டாம்

வணக்கம். ஸ்டுட்கார்ட்டில் பேருந்தில் மகளுடன் தமிழில் பேசியபோது ஒரு பயணி "இங்கே ஜெர்மன் பேசுங்கள்" என்று அதட்டியதையும், அதன் பிறகு வீட்டிலும் தமிழை விட்டுவிடலாமா என்று நீங்கள் கேட்டிருப்பதையும் படித்து வருந்தினேன். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மொழியின் காரணமாக எவரையும் தாழ்த்தக் கூடாது என்று ஜெர்மனியின் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டம் 3ஆம் பிரிவில் வெளிப்படையாகவே கூறுகிறது. அது முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்தும் விதி, பேருந்தில் கடிந்துகொள்பவரின் வாயை அடைக்காது என்றாலும், அந்நாடு தன்னைப் பற்றி என்ன உறுதி கொடுத்திருக்கிறது என்பது அதில் தெரிகிறது. 2024 ஜூன் 27 முதல் பொதுவாக 5 ஆண்டுகள் சட்டப்படி வசித்தவர் குடியுரிமை கோரலாம். அதற்கும் மொழியைப் பொறுத்தவரை கேட்கப்படுவது பி1 நிலை, அதாவது அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் இடைநிலை ஜெர்மன்தான், வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்பதன்று. மகள் மழலையர் பள்ளியில் நாள் முழுவதும் ஜெர்மன் கேட்கிறாள். வீட்டில் உங்களுடைய தடுமாறும் ஜெர்மனைவிட வளமான தமிழே அவளுக்கு அதிகம் தரும். ஜெர்மன் வகுப்பு தேவைப்படுவது உங்களுக்குத்தான். அருகிலுள்ள ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற வயதுவந்தோர் கல்வி மையத்தில் மாலை வகுப்பு இருக்கிறதா என்று விசாரித்து இந்தப் பருவத்திலேயே சேருங்கள். பெற்றோர் கூட்டத்தில் மகளுக்காக நீங்களே பேச முடிய வேண்டும்.