தூக்கிலிடப்பட்ட மலை

கேள்வி: ஏற்காடு மலைமேல் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். அரையாண்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் ஸ்டாஃப் ரூமே என் மேஜையைச் சுற்றி நிற்கிறது. 'சின்னமலை என்பது சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே உள்ள மலை. அதை ஆங்கிலேயர் 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிட்டனர்' என்று ஒருவன். 'கல்யாண வீட்டில் தலைப்பாகை பிடிக்காமல் சண்டை வந்து, அதுவே வேலூர்ப் புரட்சி ஆனது' என்று ஒருத்தி. நம் ஊரைப் பற்றி எழுதச் சொன்னால், 'வெயில் தாங்காத கலெக்டர் காக்பர்ன் மலையேறி வந்து ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்' என்று பாதி வகுப்பு. சிரித்து முடித்தபின் பயமாக இருக்கிறது. முட்டை போடுவதா? நான் பாடம் நடத்தும் லட்சணம் இதுதானா? படம் எடுத்து ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லி வேறு நச்சரிக்கிறார்கள்.
- ஓர் ஆசிரியை, ஏற்காடு

பதில்: டீச்சர், மலைக்குக் கழுத்து எங்கே இருக்கிறது என்று வெள்ளைக்காரன் எவ்வளவு நேரம் தேடினானோ!

ஆனால் அந்தப் பையன் உங்கள் வகுப்பில் தூங்கவில்லை. தீரன் சின்னமலை என்று பின்னால் பெயர் பெற்ற தீர்த்தகிரி, மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்ததும், 'யார் பறித்தது என்று கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்தது என்று சொல்' என்று அனுப்பியதும் அவன் மனதில் அப்படியே தங்கியிருக்கின்றன. ஆண்டு சரி, ஊர் சரி. ஆளைத்தான் தொலைத்துவிட்டான். 'தூக்கிலிடப்பட்ட இடம் எது?' என்று ஒரு மார்க் கேள்வியாகவே உருப்போட்டால் மனிதனும் மலையும் ஒன்றுதானே? ஐந்துக்கு இரண்டு போடுங்கள். முடிந்தால் அடுத்த ஆடிப் பதினெட்டையொட்டி வகுப்பையே சங்ககிரிக்குக் கூட்டிப் போங்கள். அந்தக் கோட்டையில் மூச்சு வாங்க ஏறிவிட்டு வந்தவன் மறுபடி அப்படி எழுத மாட்டான்.

அந்தப் பெண்ணை எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. அவள் எழுதியதில் பொய் எதுவுமே இல்லை, கவனித்தீர்களா? 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டைக்குள் திப்புவின் மகளுக்குக் கல்யாணம். அந்தச் சாக்கில் கூடிய சிப்பாய்கள் ஜூலை 10 விடியுமுன் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். தலைப்பாகையும் உண்மை. தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை, தாடிக்குத் தடை, நெற்றிக் குறிக்குத் தடை என்று அதற்கு முன்பே குமுறல் இருந்தது. கோபம் வந்தது தலைப்பாகையால், ஒன்றுகூட வசதி கிடைத்தது கல்யாணத்தால். இவள் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டாள். அவளையே கரும்பலகைக்குக் கூப்பிட்டு, 'அந்தக் கல்யாணம் நின்றுபோயிருந்தால் புரட்சியும் நின்றிருக்குமா?' என்று கேளுங்கள். அன்றைக்குப் பாடம் தானாக நடக்கும். பரீட்சைக்குக் காரணங்களை வரிசையாக ஒப்பித்து முழு மார்க் வாங்கியவர்கள்தான் அங்கே முழிப்பார்கள்.

வாட்ஸ்அப்? வேண்டவே வேண்டாம். மலைமேல் எல்லோரும் ஒரே பஸ்ஸில் போய் வருகிறவர்கள். சாயந்திரத்துக்குள் அந்தப் பையனுக்குத் 'தூக்குமலை' என்று பெயர் வைத்துவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகை வரை அது அவனை விடாது.

காக்பர்ன் விஷயத்தில்தான் எனக்குக் கோபம், பிள்ளைகள்மேல் அல்ல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த அவர் இந்த மலைக்குக் காபியைக் கொண்டு வந்தார், அது சரி. 'கண்டுபிடித்தார்' என்பதை நாம் பெரியவர்களே சுற்றுலாப் பயணிகளிடம் கூசாமல் சொல்கிறோம். அவர் வருவதற்கு முன்பே இங்கே ஊர்கள் இருந்தன, சேர்வராயன் சாமி இருந்தது. உங்கள் வகுப்பிலேயே 'மலையாளி' எனப்படும் இந்த மலைப் பழங்குடிப் பிள்ளைகள் இருப்பார்கள். தங்கள் முப்பாட்டன் ஊரை இன்னொருவர் கண்டுபிடித்ததாக அவர்களும் எழுதியிருந்தால், சிவப்பு மையை அங்கே செலவழியுங்கள். காபிச் செடிக்கு முன் இங்கே என்ன விளைந்தது, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு யார் யார் எங்கிருந்து வந்தார்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.

அதிலும் கூத்துக்குக் குறைவிருக்காது. எனக்கும் அனுப்பி வையுங்கள், பிள்ளைகளின் பெயரை மறைத்துவிட்டு.