எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் எப்போதும் சிசிஎம்மில் இருக்க எந்த இண்டக்டர் போடலாம்?

உங்கள் கேள்வி இது: எல்எம்2596 என்ற, வோல்டேஜைக் குறைத்துத் தரும் (பக் கன்வெர்ட்டர்) சிப்பை வைத்து 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட், லோடு 100 மில்லிஆம்பியர் முதல் 2 ஆம்பியர் வரை, இந்த எல்லை முழுக்க இண்டக்டர் (கம்பிச் சுருள்) கரண்ட் பூஜ்யத்தைத் தொடக்கூடாது, அதாவது சிசிஎம் (கன்டினியூவஸ் கண்டக்ஷன் மோட்) நிற்க வேண்டும்.

முதலில் அந்த 2 ஆம்பியரை ஓரமாக வையுங்கள். சிசிஎம் நிற்குமா நிற்காதா என்பது குறைந்த லோடைப் பொறுத்தது. இண்டக்டர் கரண்ட் முக்கோண அலையாக ஓடுகிறது, அதன் சராசரிதான் லோடுக்குப் போகிறது. லோடு குறைந்தால் அலை அப்படியே கீழே இறங்கும், ஆனால் அதன் உயரம் (அடிமுனையிலிருந்து உச்சிவரை, இதுதான் ரிப்பிள்) மாறாது. அதனால் லோடு கரண்ட் ரிப்பிளில் பாதிக்கு வந்ததுமே அலையின் அடிமுனை பூஜ்யத்தைத் தொட்டுவிடும். அதற்கும் கீழே போனால் டயோடு அடைத்துக்கொள்ளும், டிசிஎம் (கரண்ட் இடையிடையே பூஜ்யமாகிவிடும் நிலை) தொடங்கிவிடும்.

கணக்கு சுலபம். வெளியீட்டு வோல்டேஜை (1 − டியூட்டி)யால் பெருக்குங்கள் (டியூட்டி என்பது வெளியீட்டு வோல்டேஜ் ÷ உள்ளீட்டு வோல்டேஜ்), வந்ததை 2 × ஸ்விட்சிங் அலைவெண் × குறைந்தபட்ச லோடு கரண்டால் வகுங்கள். 12 வோல்ட், 150 கிலோஹெர்ட்ஸ், 0.1 ஆம்பியருக்கு 97 மைக்ரோஹென்றி வரும். ஆனால் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை ஏறுமே! பக் கன்வெர்ட்டரில் உள்ளீடு கூடினால் ரிப்பிளும் கூடும், ஆகவே அங்கேதான் கணக்குப் போட வேண்டும்: 109.

அப்புறம், 109 என்று வந்துவிட்டது என்று 100ஐயோ 120ஐயோ வாங்கிவிடாதீர்கள். பவர் இண்டக்டர்களில் 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம், இந்தச் சிப்பின் அலைவெண்ணும் 127 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்க டேட்டாஷீட்டே இடம் தருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பாதகமாகப் போனால் 160க்கு மேல் தேவைப்படும். 180 கிடைத்தால் போதும், இல்லாவிட்டால் 220 போடுங்கள். வாங்கும்போது அதன்மேல் உள்ள எண் குறியீட்டைப் பாருங்கள், 221 என்று அச்சடித்திருந்தால்தான் 220 மைக்ரோஹென்றி. 330 என்று இருந்தால் அது வெறும் 33.

ரெடிமேட் மாட்யூல்களில் அந்த 33 அல்லது 47தான் பெரும்பாலும் இருக்கும். அது தவறில்லை, ரிப்பிளை முழு லோடில் 30 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் உங்களுக்கும் 36தான் வரும். ஆனால் அந்த விதி முழு லோடுக்கானது, அதன்படி போட்டால் 0.3 ஆம்பியருக்குக் கீழே சிசிஎம் போய்விடும்.

இப்போது அந்த 2 ஆம்பியருக்கு வருவோம், சாச்சுரேஷன் (கரண்ட் மிஞ்சி, கோரின் காந்தம் நிறைந்துவிடுவது) பார்க்க அது வேண்டும். 220 மைக்ரோஹென்றியில் ரிப்பிள் சுமார் 0.1 ஆம்பியர்தான், உச்சம் 2.05. ஆனாலும் சாச்சுரேஷன் கரண்ட் 3 ஆம்பியருக்குக் குறைந்ததை வாங்காதீர்கள், ஏனென்றால் ஷார்ட் ஆனால் இந்தச் சிப் 4.5 ஆம்பியர் அளவில்தான் தடுக்கும். ஃபெரைட் கோர் சாச்சுரேட் ஆனால் இண்டக்டன்ஸ் சட்டென்று சரிந்துவிடும், இரும்புத்தூள் கோர் மெதுவாகத்தான் இறங்கும்.

இதற்கு விலையும் உண்டு. பெரிய இண்டக்டர் என்றால் சுற்று அதிகம், கம்பித் தடையும் சூடும் அதிகம். லோடு 0.1இலிருந்து திடீரென்று 2 ஆம்பியருக்குத் தாவினால், உள்ளீடு 14.4 வோல்ட்டாக இருந்து ஸ்விட்ச் முழுக்க ஆனிலேயே இருந்தாலும் 220 மைக்ரோஹென்றியில் கரண்ட் ஏற 44 மைக்ரோசெகண்ட் ஆகும், 33இல் 7தான். அந்த இடைவெளியை அவுட்புட் கெப்பாசிட்டர்தான் தாங்க வேண்டும். லோடு 10 மில்லிஆம்பியருக்கு இறங்கும் என்றால் 1 மில்லிஹென்றிக்கு மேல் கேட்கும், அதைத் துரத்தவே வேண்டாம், டிசிஎம்மில் ஓடட்டும், இந்தச் சிப் அதைத் தாராளமாகச் சமாளிக்கும். எப்படியும் சிசிஎம்தான் வேண்டும் என்றால் டயோடுக்குப் பதில் மாஸ்ஃபெட் உள்ள சிங்க்ரனஸ் பக், அதிலும் லைட் லோடில் டயோடு போல நடந்துகொள்ளாத வகையைத் தேடுங்கள்.

மாட்டி முடித்ததும் உள்ளீட்டை 14.4இல், லோடை 100 மில்லிஆம்பியரில் வைத்து ஸ்விட்ச் முனையை ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். ஸ்விட்ச் ஆஃப் ஆகி இருக்கும் நேரம் முழுக்க அலை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே தட்டையாக இருந்தால் சிசிஎம். நடுவில் எழும்பி 5 வோல்ட்டைச் சுற்றி அதிர்ந்தால் டிசிஎம்முக்குப் போய்விட்டது, அடுத்த பெரிய மதிப்பைப் போடுங்கள்.