ஆன்லைன் திரைக்கதை வகுப்பு: உங்கள் பக்கத்தை யார் படிப்பார்கள்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வயது 27. சினிமாவுக்குக் கதை எழுத வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்தே ஆசை. ஆனால் திரைக்கதை என்று ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகும் நிலையிலும் இல்லை. இன்ஸ்டாகிராமில் 12 வார ஆன்லைன் வகுப்பு விளம்பரம் வந்தது. கட்டணம் 60,000 ரூபாயாம், இன்று இரவுக்குள் சேர்ந்தால் 24,999. நோ காஸ்ட் இ.எம்.ஐ. உண்டு. வகுப்பு முடிந்ததும் தயாரிப்பாளரிடம் கதை சொல்ல ஏற்பாடு செய்வார்களாம். சேரலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இன்று இரவு சேராதீர்கள். அந்தச் சலுகை பெரும்பாலும் அடுத்த வாரமும் இருக்கும். "இன்னும் சில மணி நேரம்தான்" என்று பொய்யாக அவசரப்படுத்தி விற்பதை, 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட 'டார்க் பேட்டர்ன்' (இணையத்தில் வாங்குபவரை ஏமாற்றும் உத்திகள்) பற்றிய வழிகாட்டுதல்கள் நியாயமற்ற உத்திகளில் ஒன்றாகவே பட்டியலிட்டிருக்கின்றன. கட்டணத்துக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டா என்றும் கேளுங்கள். இருந்தால் 24,999 என்பது கிட்டத்தட்ட 29,500 ஆகிவிடும்.

ஆனால் விலையைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. கதையை மூன்று பகுதியாகப் பிரிக்கும் மூன்று அங்க அமைப்பு, இடைவேளையில் வரும் திருப்பமான இன்டர்வல் பிளாக், கதாபாத்திரத்தின் தேவை, கதையைச் சுருக்கிச் சொல்லும் ஒன் லைன் எழுதுவது எப்படி, இதெல்லாம் யூடியூபில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. நூலகத்தில் புத்தகமாகவும் கிடைக்கிறது. வகுப்பில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது ஒன்றே ஒன்றைத்தான்: நீங்கள் எழுதிய பக்கத்தை, விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படித்துச் சொல்வது. அது இல்லாத வகுப்பு வீடியோ தொகுப்புதான். வீடியோவுக்கு இந்த விலை அதிகம்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், புதிதாக எழுதுபவர் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்: "ரவியை அப்பாவின் நினைவு வாட்டுகிறது. அவர் இல்லாத வீடு வெறுமையாக இருக்கிறது." படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கேமராவுக்கு இதில் எடுக்க ஒன்றுமில்லை. பக்கத்தைப் படிக்கும் ஆசிரியர் ஓரத்தில் ஒரு வரி எழுதுவார்: "இதை நான் திரையில் எப்படிப் பார்ப்பேன்?" அதைப் பார்த்தபின் எழுதியவரே திருத்தி எழுதுவார்: "வாசலில் அப்பாவின் செருப்பு. காலால் ஒதுக்கப் போன ரவி நிற்கிறான். குனிந்து, கையால் எடுத்து ஓரமாக வைக்கிறான்." இந்த மாற்றம் பத்து வீடியோ பார்த்தாலும் சுலபத்தில் வராது. தன் வரிக்கே அந்தக் கேள்வி வரும்போதுதான் உறைக்கும்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் இமெயிலில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். பேட்சில் எத்தனை பேர்? 12 வாரத்தில் என்னுடைய எத்தனை பக்கங்களைப் படிப்பீர்கள்? படிப்பவர் விளம்பரத்தில் இருக்கும் ஆசிரியரா, அவருடைய உதவியாளரா? எத்தனை நாளில் குறிப்பு வரும்? நூறு பேர் பேட்ச், வாரம் இரண்டு மணி நேர நேரடி வகுப்பு என்றால் மொத்தம் 24 மணி நேரம். ஆளுக்குப் பத்து நிமிடம், அதுவும் ஒரே ஒரு முறை பேசினாலே அதில் 17 மணி நேரம் போய்விடும். பாடம் எப்போது நடத்துவார்கள்? பதினைந்து பேருக்கு மேல் போகாத பேட்ச், குறைந்தது ஒரு குறும்பட ஸ்கிரிப்டை முழுதாக எழுத வைத்து இரண்டு முறை திருத்தித் தருவது, இவை இருந்தால் அந்தக் கட்டணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

ஆசிரியரின் பெயரை அவர் சொல்லும் படங்களின் டைட்டிலில் தேடிப் பாருங்கள். ஓ.டி.டி.யில் படத்தை ஓடவிட்டால் இரண்டு நிமிட வேலை. "டிஸ்கஷனில் (படத்துக்கான கதை விவாதத்தில்) இருந்தேன்" என்பதைச் சரிபார்க்க வழியில்லை, அதை நம்பி மட்டும் பணம் கட்டக் கூடாது. பெரிய பெயர் உள்ளவர் எல்லோரும் நன்றாகச் சொல்லித் தருவார்கள் என்றும் இல்லை. ஒரு நேரடி வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

தயாரிப்பாளர் சந்திப்பைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். யார், எந்த நிறுவனம், எப்போது என்று எழுதித் தராத வாக்குறுதிக்கு மதிப்பில்லை. பயிற்சி மையங்களுக்காக 2024இல் வந்த தனி விளம்பர வழிகாட்டுதல்கள் நாடகம், நடனம் போன்ற கலைப் பயிற்சிகளை விட்டுவிடுகின்றன. ஆனால் தவறான விளம்பரங்களுக்கு எதிரான 2022ஆம் ஆண்டு பொது வழிகாட்டுதல்கள் இவர்களுக்கும் பொருந்தும். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இ.எம்.ஐ. விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். நோ காஸ்ட் என்றாலும் அது உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். பணம் முழுதும் வகுப்பு நடத்துபவர் கைக்கு முதலிலேயே போய்விடும். வகுப்பு பிடிக்காமல் மூன்றாம் வாரம் நின்றாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் உங்கள் சிபில் (கடன் மதிப்பெண்) கெடும். டிஜிட்டல் கடன் என்றால், வாங்கியபின் குறைந்தது ஒரு நாள் அவகாசத்துக்குள் அபராதமில்லாமல் விலக ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. மாதாமாதம் நேரடியாகக் கட்டும் வகுப்பு கிடைத்தால் அதுவே நல்லது.

திரைக்கதை எழுதுவதற்கென்று சாஃப்ட்வேர் எதுவும் வாங்காதீர்கள். ஸ்கிரிப்டில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கு, கூரியர் என்ற ஆங்கில எழுத்துருவை 12 புள்ளி அளவில் வைத்துப் போட்டது, தமிழுக்கு அப்படியே பொருந்தாது. கூகுள் டாக்ஸில் தமிழ் தட்டச்சு போதும்.

தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் இயக்கமும் திரைக்கதையும் பட்டப்படிப்பாகவே உண்டு. அது முழுநேரம் என்பதால் உங்களுக்குச் சரிப்படாது. மத்திய அரசின் திரைப்படக் கல்லூரியான புனே எஃப்.டி.ஐ.ஐ. அவ்வப்போது திரைக்கதைக்குக் குறுகிய கால ஆன்லைன் வகுப்பு நடத்துகிறது. ஆங்கிலமோ இந்தியோ சமாளிப்பீர்கள் என்றால் அதன் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

எதில் சேர்வதாக இருந்தாலும் முதலில் ஐந்து பக்கத்தில் ஒரு குறும்படம் எழுதிவிடுங்கள். உங்கள் பனியன் கம்பெனியில் இரவு ஷிஃப்டில் நடக்கும் ஒரு விஷயமே போதும், சென்னையில் டிஸ்கஷனில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. கையில் பக்கம் இல்லாமல் சேர்ந்தால் முதல் நான்கு வாரம் கேட்பதிலேயே கழிந்துவிடும்.

கேள்வி: இதே மாதிரி ஒரு வகுப்புக்கு 18,000 ரூபாய் கட்டினேன். நான்கு வாரத்தோடு நேரடி வகுப்பை நிறுத்திவிட்டு, பழைய ரெக்கார்டிங்கை அனுப்புகிறார்கள். "நோ ரீஃபண்ட் என்று படித்துத்தானே கட்டினீர்கள்" என்கிறார்கள்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நேரடி வகுப்பு என்று விற்றுவிட்டு ரெக்கார்டிங் தருவது சேவைக் குறைபாடு. நோ ரீஃபண்ட் என்ற வரி அதை மறைத்துவிடாது. நடக்காத வாரங்களுக்கான பணத்தைத் தேதி குறிப்பிட்டு இமெயிலில் கேளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன் எல்லாவற்றையும் சேமித்துவிடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் திண்டுக்கல்லிலேயே, ஆன்லைனிலும் மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "கல்வி நுகர்வோர் சட்டத்தில் வராது" என்று அவர்கள் வாதாடக்கூடும். கோச்சிங் மையங்களுக்கு அந்த விலக்கு இல்லை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இலேயே சொல்லிவிட்டது.

கேள்வி: வகுப்பில் கதையைச் சமர்ப்பித்தால் திருடிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. முன்னாலேயே பதிவு செய்ய வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எழுதிய நொடியிலேயே பதிப்புரிமை (காப்பிரைட்) உங்களுடையது. பதிவு அதற்கு ஆதாரம்தான். மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் ஒரு எழுத்துப் படைப்புக்கு 500 ரூபாய். ஆனால் சட்டம் காப்பது எழுதிய வடிவத்தை, மனதில் உள்ள கருவை அல்ல. 1978இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அதனால் ஒரு வரிக் கருவைப் பதிந்து பயனில்லை, காட்சி காட்சியாக எழுதிப் பதியுங்கள். வகுப்பின் விதிமுறையில் "சமர்ப்பிக்கும் படைப்பைப் பயன்படுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், உங்கள் பெரிய கதையை அங்கே காட்டாதீர்கள். பயிற்சிக்கு வேறொரு சின்னக் கதையை எழுதிக் கொடுங்கள்.