பாய்லருக்குப் பதில் ஹீட் பம்ப்: 18,000 ராண்டுக்குப் பென்ஷனில் கை வைக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் ஓவர்போர்ட்டில் 24 வீடுகள் உள்ள அடுக்குமாடியில் இருக்கிறோம். எல்லா வீட்டுக்கும் சுடுதண்ணீர் தரும் கேஸ் பாய்லர் பழசாகிவிட்டது. சின்ன ஹீட் பம்புகள் (காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் மின்கருவிகள்) வைக்கப் போகிறோம், வீட்டுக்கு 18,000 ராண்ட் ஸ்பெஷல் லெவி, அதாவது மாத பராமரிப்பு லெவிக்கு மேல் தனியாக ஒரு தொகை, கட்டுங்கள் என்கிறார்கள் கட்டிடத்தை நிர்வகிக்கும் டிரஸ்டிகள். எனக்கு வயது 54, வேலையில் இருக்கிறேன். பென்ஷன் ஃபண்டின் சேவிங்ஸ் பாட்டில் (ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய பகுதியில்) இருந்து எடுத்துக் கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. ஹீட் பம்ப் நல்ல யோசனைதான். பணம் எடுக்க நினைக்கும் இடம்தான் சரியில்லை.

2024 செப்டம்பரில் வந்த இரண்டு பாட் முறை பென்ஷன் சேமிப்பை சேவிங்ஸ் பாட், ஓய்வுக்கான பாட் என்று பிரிக்கிறது; சேவிங்ஸ் பாட்டில் இருந்து வரியாண்டுக்கு ஒரு தடவை, குறைந்தது 2,000 ராண்ட் எடுக்கலாம். எடுக்கும் தொகை சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். உங்கள் வரி 26 சதவீதம் என்றால், 18,000 கைக்கு வர 24,300க்கு மேல் எடுக்க வேண்டும். ஃபண்ட் பிடிக்கும் கட்டணம் தனி. ஓய்வுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட நேரத்தில் சுடுதண்ணீருக்காக இப்படி இழப்பானேன்? வீட்டுக்கடனில் கூடுதலாகக் கட்டிய பணம் இருந்தால் அதிலிருந்து எடுங்கள், வட்டி மட்டும்தான் செலவு. அதைவிட நல்லது தவணை. ஸ்பெஷல் லெவியைத் தவணையாக வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. பன்னிரண்டு மாதம் என்றால் மாதம் 1,500 ராண்ட்.

லெவிக்கு முன்னால் இன்னொன்று கேளுங்கள்: பெரிய பராமரிப்பு வேலைகளுக்கென்று சேர்த்து வைக்கும் ரிசர்வ் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது? 2016 அக்டோபர் முதல் ஒவ்வொரு பாடி கார்ப்பரேட்டும் (வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பு) ரிசர்வ் ஃபண்டும் பத்தாண்டு பராமரிப்புத் திட்டமும் வைத்திருக்க வேண்டும். பாய்லர் பழசாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. திட்டத்தில் அது இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பொதுச் சொத்தில் மாற்றம் என்று எடுத்துக்கொண்டால், செலவும் பணம் திரட்டும் வழியும் எழுதி 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். அதற்குள் கூட்டம் போடுங்கள் என்று ஒரே ஒரு உரிமையாளர் கேட்டாலும், அந்தக் கூட்டத்தில் 75 சதவீத ஆதரவு இல்லாமல் வேலையைத் தொடங்க முடியாது.

மிச்சம் வருமா என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ கேஸில் சுமார் 13 யூனிட் வெப்பம். பழைய பாய்லரில் தண்ணீருக்குப் போய்ச் சேருவது 10 யூனிட் போல. ஹீட் பம்ப் காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது, ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம். கிருமி வராமலிருக்கத் தண்ணீரை 60 டிகிரியில் வைப்பதால் பம்புக்கு வேலை கூடும், ஆகவே நான் இரண்டரை என்றே கணக்கு வைப்பேன். அதாவது ஒரு கிலோ கேஸ் செய்யும் வேலைக்கு 4 யூனிட் மின்சாரம். கேஸ் கிலோ 36 ராண்ட், மின்சாரம் யூனிட் 3 ராண்ட் என்று வைத்துக்கொண்டால், 36 எங்கே, 12 எங்கே! உங்கள் கட்டிடத்தின் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள். கேஸ் விலையோ மாதாமாதம் மாறுகிறது.

டர்பனில் ஜூலை மாதத்தில்கூட உறைபனி கிடையாது, அது ஹீட் பம்புக்குச் சாதகம். பாதகம் உப்புக் காற்று. காற்றின் சூட்டை இழுக்கும் காயிலுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். பாய்லர் இருந்த அடைசலான அறையிலேயே வைத்தால், பம்ப் தான் கக்கிய குளிர்காற்றையே திரும்ப இழுக்கும், மின்சாரம் கூடும். மொட்டை மாடி தேவலை, சத்தத்தால் மேல்வீட்டுக்காரர் சண்டைக்கு வராத இடமாகப் பார்த்து.

டிரஸ்டிகளுக்கு இந்த வாரமே எழுதுங்கள்: கடந்த 12 மாத கேஸ் பில், குறைந்தது இரண்டு கொட்டேஷன், கம்ப்ரசருக்கு எத்தனை வருட வாரண்டி, கட்டிடத்தின் மின் இணைப்பு தாங்குமா. மாத லெவி எவ்வளவு குறையும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.